மேற்குச் சுவரில் ஓதம்: பஞ்சைப் பிடுங்குவதா, பொறுத்திருப்பதா?

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்; இங்கே மருத்துவமனையில் செவிலியர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்துவிட்டு, நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1950-களில் கட்டிய, ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய செங்கல் வீட்டை 2021-இல் கடன் போட்டு வாங்கியிருக்கிறார்கள். 2012-இல், ஓர் இலவசத் திட்டத்தின் கீழ், முந்தைய உரிமையாளர் சுவர்களின் நடு இடைவெளியில் கனிமப் பஞ்சு நிரப்பியிருக்கிறார். அதற்கான 25 ஆண்டு உத்தரவாதக் காகிதம் வீட்டுப் பத்திரங்களோடு கிடைத்தது. முதல் இரண்டு குளிர்காலமும் தொல்லை இல்லை. 2023 நவம்பரில் மாடிப் படுக்கையறையின் மேற்குச் சுவரில், ஜன்னலுக்கும் தரைக்கும் நடுவே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறை தோன்றியது; ஓரம் மட்டும் பழுப்பு. மேலே பெயிண்ட் அடித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் இன்னும் பெரிதாக வந்தது. அதே அறையின் வடக்கு மூலையில், துணி அலமாரிக்குப் பின்னால், கறுப்புப் பூஞ்சை. ஏழு வயது மகன் படுப்பது அந்த அறையில்தான். இரவில் அவனுக்கு மூச்சிழுப்பு வருகிறது.

காரணம் என்ன என்பதில் மூன்று கட்சி. இலவச ஆய்வு என்று வந்த நிறுவனம், கீழ்த்தளச் சுவர்களில் கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு, தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, ரசாயனம் செலுத்த 4,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றது. கதவைத் தட்டி வந்த இன்னொருவர், எல்லாம் பஞ்சின் குற்றம், வழக்குப் போடலாம், ஜெயித்தால்தான் கட்டணம், உங்களுக்கு ஒரு பென்னி செலவில்லை என்று சொல்லி ஒரு படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணவரோ, நாம் சோறு வடிப்பதும் புட்டு அவிப்பதும் வீட்டுக்குள் துணி காயப்போடுவதும்தான் காரணம் என்கிறார். பஞ்சு நிரப்பிய நிறுவனம் இப்போது இல்லை. பஞ்சை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா, உத்தரவாதம் இனிமேல் செல்லாதுதானே, கையெழுத்துப் போடலாமா, பேசாமல் வீட்டை விற்றுவிடலாமா: இவை சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகன். காரணம் தெளியும் வரை அவன் அந்த அறையில் படுக்க வேண்டாம். இட நெருக்கடி இருந்தாலும் உங்கள் அறையிலேயே ஒரு மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் இழுப்பைப் பற்றிச் சொல்லும்போது சுவரில் பூஞ்சை இருப்பதையும் சொல்லி, அது மருத்துவக் குறிப்பில் ஏறும்படி கேளுங்கள். பூஞ்சையைப் படம் எடுத்த பிறகு துடைத்துவிடுங்கள். உலர்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து, பூஞ்சைக்கொல்லியில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். குளோரின் கலந்த திரவத்தோடு வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்பதை ஒரு செவிலியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, உங்கள் கணவர் சொன்னது. அதில் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நம் அடுப்பங்கரைதான் வீட்டைக் கெடுக்கிறது என்ற குற்ற உணர்ச்சியை இருவரும் இப்போதே இறக்கி வையுங்கள். இந்த நாட்டில் இந்தப் பழி குடியேறிய குடும்பங்கள் மேல் மிக எளிதாக விழுகிறது. ராச்டேல் நகரில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூஞ்சை படர்ந்த வீட்டில் நெடுநாள் வாழ்ந்ததால் மூச்சுக்கோளாறு ஏற்பட்டு 2020 டிசம்பரில் இறந்தான். சூடானிலிருந்து வந்த அவனுடைய பெற்றோர் புகார் செய்தபோதெல்லாம், அவர்கள் குளிக்கும் விதமும் வாழும் விதமும்தான் காரணம் என்று கருதப்பட்டது. அந்த மரணத்தின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீட்டு வாடகைதாரர்களுக்கு நடைமுறையில் இருக்கிறது: உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும், கடுமையான ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். நீங்கள் சொந்த வீட்டுக்காரர் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அறையில் இரண்டு ஓதம்

நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு மூன்று முறை படித்தேன். அந்த அறையில் இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

மேற்குச் சுவரின் நடுவில் வரும் கறை, காற்றோடு அடித்த மழைக்கு மறுநாள் பெரிதாகிறது, கோடையில் வெளிறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் பழுப்புக் கோடு இருப்பதாகவும் சொல்கிறீர்கள். நீர் சுவருக்குள்ளிருந்து வந்து, உப்பையும் அழுக்கையும் கரைத்துக்கொண்டு பரவி, ஓரத்தில் உலரும்போது விட்டுச் செல்லும் கோடு அது. இது வெளியிலிருந்து உள்ளே வரும் நீர்.

வடக்கு மூலைப் பூஞ்சை அப்படியல்ல. அலமாரிக்குப் பின்னால், காற்று புகாத குளிர்ந்த மூலையில், கடுங்குளிர் வாரங்களில் கூடுகிறது. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழுப்புக் கோடும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து வருவது இது. நான்கு பேர் வாழும் வீட்டில் சமையல், குளியல், மூச்சு, துணி காய்தல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. சுவர் முழுவதும் போதிய சூட்டோடும் அறை காற்றோட்டத்தோடும் இருந்தால் அது எங்கும் படியாமல் வெளியேறிவிடும். ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே போய்ப் படியும். உங்கள் கணவர் சொல்வதில் உண்மையான பாதி இதுதான். ஆனால் அந்த மூலை மட்டும் ஏன் அவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதன் விடையில் பஞ்சுக்கும் பங்கு இருக்கலாம்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் என்ற மூன்றாவது கட்சியை மட்டும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். அப்படி ஏறும் நீர் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். மாடி அறைக் கறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் குத்திப் பார்த்த இரண்டு முள் கொண்ட கருவி, மரத்தின் ஈரத்தை அளப்பதற்கு உருவானது. சுவர்ப்பூச்சில் உப்பு இருந்தாலே அது அலறும். ரசாயனம் விற்பவரே இலவசமாக ஆய்வும் செய்கிறார் என்றால், ஆய்வின் முடிவு பெரும்பாலும் அவர் வேனில் இருக்கும் சரக்காகத்தான் இருக்கும். அந்த 4,000 பவுண்டைக் கொடுக்காதீர்கள்.

நடுச்சுவரில் என்ன நடக்கிறது

இந்த நாட்டில் 1920-களிலிருந்து பரவலாகக் கட்டப்பட்ட கேவிட்டி சுவர் என்பது இரண்டு மெல்லிய சுவர்கள். வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று, நடுவே பெரும்பாலும் 50 முதல் 75 மில்லிமீட்டர் வெற்றிடம். இரண்டையும் அங்கங்கே உலோக இணைப்புகள் பிடித்திருக்கும். ஊரில் ஒன்பது அங்குலச் சுவரைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இதைக் கட்டியவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்: வெளிச்செங்கல் மழையை முழுதாகத் தடுக்காது. ஒரு நாள் முழுக்கக் காற்றடித்துப் பெய்தால் நீர் வெளிச்சுவரைத் தாண்டத்தான் செய்யும். தாண்டிய நீர் அதன் உள்முகத்தில் வழிந்து கீழே போய்விட வேண்டும், உள்சுவரைத் தொடவே கூடாது. வெற்றிடத்தின் வேலை அதுதான்.

அந்த வெற்றிடத்தைப் பஞ்சால் நிரப்பினால் நீர் கடந்துவிடாதா? நல்ல பஞ்சு நீரை உறிஞ்சாதபடி பதப்படுத்தப்பட்டிருக்கும். இழைகள் மேலிருந்து கீழாக நீரை வடிய விடும். பல லட்சம் வீடுகளில் இது ஒழுங்காக வேலை செய்கிறது, சுவர் வழியாகப் போகும் வெப்பமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே பஞ்சு என்றாலே ஓதம் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல.

கோளாறு வருவது நிரப்பக் கூடாத சுவரில் நிரப்பும்போதும், அரைகுறையாக நிரப்பும்போதும். கொத்தனார் கட்டும்போது விழுந்த சாந்துக்கட்டிகள் உலோக இணைப்புகள் மேல் அப்படியே இறுகிக் கிடக்கும். வெற்றிடம் காலியாக இருந்த வரை அவற்றால் பெரிய கேடு இல்லை. பஞ்சு அழுந்தி அவற்றின் மேல் உட்காரும்போது நீர் உள்சுவருக்குப் போகப் பாலம் கிடைத்துவிடுகிறது. நனைந்த குடையின் துணியை உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒழுகத் தொடங்குமே, அதே கதை. சுவர் நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு கறை வருவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஊரும் முக்கியம். காற்றோடு சுவரில் அடிக்கும் மழையின் அளவை வைத்து இந்த நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். மேற்குக் கடற்கரைகள், வேல்ஸ், கார்ன்வால், கம்ப்ரியா போன்ற பகுதிகள் கடுமையான மண்டலங்களில் வருகின்றன. லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டில் இதே பஞ்சு இதே காலத்தில் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் சுவரில் அடிக்கும் மழை வேறு, ஐரிஷ் கடலிலிருந்து நேராக வந்து உங்கள் மேற்குச் சுவரில் அடிக்கும் மழை வேறு. அதற்காகக் கடலோரத்தில் பஞ்சே போடக் கூடாது என்று விதி இல்லை. வெற்றிடம் எவ்வளவு அகலம், செங்கல் இடைச்சாந்து எந்த நிலையில் இருக்கிறது, சுவருக்குப் பூச்சு உண்டா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2012-இல் அதைப் பார்த்தார்களா என்பதே உங்கள் விஷயத்தில் மையக் கேள்வி. இலவசத் திட்டங்கள் வேகமாக ஓடிய காலம் அது. காலையில் சுவரைப் பார்த்து மாலையில் நிரப்பி முடித்த வீடுகள் உண்டு.

முதல் இரண்டு குளிர்காலம் நன்றாக இருந்ததே என்கிறீர்கள். கூரையோரத் தண்ணீர்க்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டாலோ, இடைச்சாந்து உதிர்ந்தாலோ வெளிச்சுவர் குடிக்கும் நீரின் அளவு கூடிவிடும். அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த சுவர் அதன் பிறகு சமாளிக்காது. நனைந்த பஞ்சு காலப்போக்கில் கனத்துக் கீழே சரியவும் செய்யும். சரிந்தால் மேலே கூரைக்கு அடியில் வெற்றிடம் மிஞ்சும், அந்தப் பட்டை குளிரும், அங்கே நீராவி படியும். உங்கள் வடக்கு மூலையில் பூஞ்சை கூரையோரத்தில் தொடங்கி இறங்குகிறதா, தரையோரத்தில் தொடங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். மேலிருந்து என்றால் அங்கே பஞ்சு இல்லை என்ற சந்தேகம் வலுக்கும்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை

ஒரு பென்சில் எடுத்து, இன்றே கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே தேதியை எழுதுங்கள். பெரிய மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக்கோடு, புதுத்தேதி. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறியுங்கள். இரண்டு மாதம் இதைச் செய்தால், ஒன்றுக்குள் ஒன்றாகத் தேதி போட்ட ஐந்தாறு வளையங்கள் சுவரிலேயே இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்திருப்பவரிடம், சமையல் ஆவிதான் காரணம் என்று எந்த அதிகாரியும் எளிதில் வாதாட முடியாது.

சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். கறைமேல் ஒன்று, மூலையில் ஒன்று. இரண்டு நாள் கழித்து, அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். தாளைப் பிரிக்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவரிலிருந்து வருகிறது. இது முடிந்த முடிவு அல்ல, ஆனால் திசை காட்டும். பத்துப் பதினைந்து பவுண்டுக்கு ஈரப்பதமானி கிடைக்கும், அதையும் அறையில் வையுங்கள். நாள் முழுக்க 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 70-ஐத் தாண்டியே நின்றால் உங்கள் வீட்டுக் காற்றிலேயே வேலை இருக்கிறது என்று பொருள்.

பிறகு மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே போய் மேற்குச் சுவரை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தண்ணீர்க்குழாய் நிரம்பி வழிகிறதா? ஜன்னல் அடிக்கட்டையின் கீழ் நீர் சுவரோடு ஒட்டி வழிகிறதா? இடைச்சாந்தில் சாவியை வைத்துக் கீறினால் மணலாக உதிர்கிறதா? பஞ்சு செலுத்தத் துளைத்த இடங்கள், ஒரு காசு அகலத்தில், வேறு நிறச் சாந்தால் அடைத்த வட்டங்களாக வரிசையாகத் தெரியும். அவற்றையும் படம் எடுங்கள். துளைகள் ஜன்னலைச் சுற்றி இருக்கின்றனவா, மூலை வரை போயிருக்கின்றனவா, இல்லை நடுவில் மட்டும் நான்கைந்து போட்டு முடித்துவிட்டார்களா என்பது நிரப்பிய விதத்தைச் சொல்லிவிடும்.

சுற்றி வரும்போது தரையோரக் காற்றுத்துளைச் செங்கற்களைக் கட்டாயம் பாருங்கள். ஒரு கம்பியை மெதுவாக விட்டால் தடையின்றி உள்ளே போக வேண்டும். பஞ்சு தட்டுப்பட்டால் மரத்தரைக்குக் கீழே காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது, மரம் உளுத்துப்போகும். கீழறையில் கேஸ் அடுப்போ கணப்போ இருந்து, அதற்கான காற்றுத்துளை அடைபட்டிருந்தால் அது ஓதத்தை விடப் பெரிய விஷயம்: கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. அப்படியிருந்தால் பதிவு பெற்ற கேஸ் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை அதை எரிக்காதீர்கள்.

ஆவி விஷயத்துக்கும் இப்போதே வழி செய்யுங்கள். புட்டும் இட்லியும் அவியட்டும், சோறும் வடியட்டும். ஆவி வெளியேறும் விசிறி மட்டும் நிஜமாகவே வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது கரி வடிகட்டி வழியாக இழுத்துவிட்டு அதே ஈரக்காற்றை அடுப்படிக்கே திருப்பி அனுப்பும் வகையாக இருக்கும். சில வீடுகளில் குழாய் பரண் வரை போய் அங்கேயே முடிந்திருக்கும். சமைத்த பின்னும் குளித்த பின்னும் கால் மணி நேரம் விசிறி ஓடட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் நகர்த்துங்கள். மின்கட்டணப் பயத்தில் அந்த ஓர் அறையின் ஹீட்டரை மட்டும் அணைத்து வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது வேண்டாம். குளிர்ந்த அறை மற்ற அறைகளின் ஆவியையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகு, எதையும் விற்காத, தனியாகக் கட்டணம் வாங்கும், ஆர்ஐசிஎஸ் என்ற ஆய்வாளர்களின் தொழில் அமைப்பில் உறுப்பினரான கட்டட ஆய்வாளர் ஒருவரை அழையுங்கள். கேவிட்டிக்குள் கேமரா விட்டுப் பார்ப்பீர்களா என்று முன்பே கேளுங்கள். இடைச்சாந்தில் விரல் பருமன்கூட இல்லாத துளை போட்டு, நீங்கள் மருத்துவமனையில் பார்க்கும் எண்டோஸ்கோப் வகைக் கருவியை உள்ளே விட்டால் பஞ்சு நனைந்திருக்கிறதா, சரிந்திருக்கிறதா, சாந்துக்கட்டி இருக்கிறதா என்பது கண்ணால் தெரியும். குளிர்ந்த காலையில் வெப்பக்கேமராவால் எடுக்கும் படம் பஞ்சு இல்லாத இடங்களைக் காட்டும். சில நூறு பவுண்டு ஆகும். உங்கள் விஷயத்தில் செலவழிக்கத் தகுந்த முதல் பணம் இதுதான்.

பஞ்சை எடுத்துவிட்டால்?

எடுக்கலாம். கீழ்வரிசையில் சில செங்கற்களை அகற்றி, மேலிருந்து காற்றடித்துப் பஞ்சைக் கலைத்து, கீழே உறிஞ்சி எடுப்பார்கள். சில ஆயிரம் பவுண்டு ஆகும். ஆனால் எடுப்பதோடு எல்லாம் தீராது. வெளிச்சுவரின் கோளாறு அப்படியே இருந்தால் சுவர் தொடர்ந்து நனையும். உள்சுவர் காய்வதற்கும் பொறுமை வேண்டும். நனைந்த சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது எங்கள் கட்டடத் தொழிலில் உள்ள பழைய கணக்கு. அதற்கு முன் புதுப்பூச்சும் பெயிண்டும் போட்டால் வீண். பஞ்சு போன வீடு முன்பைவிடக் குளிரும் என்பதால் ஹீட்டர் செலவு கூடும், நீராவி படிவதும் கூடும். வடக்கு மூலைப் பூஞ்சை குறைவதற்குப் பதிலாக நான்கு மூலைக்கும் பரவிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தண்ணீர்க்குழாய், இடைச்சாந்து, ஜன்னலோரப் பழுதுகள். பிறகு ஒரு குளிர்காலம் பென்சில் கோடு. கறை நின்றுவிட்டால் பஞ்சைத் தொடவே வேண்டாம். நிற்காமல், கேமராவிலும் நனைந்த பஞ்சு தெரிந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது அடுத்த வீட்டோடு சேரும் எல்லையில் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பஞ்சு உங்கள் பக்கம் சரியும், புதுச்சண்டை தொடங்கும். முழுதும் எடுத்ததைக் கேமராவில் காட்டிவிட்டுத்தான் செங்கலை மூட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குங்கள்.

உத்தரவாதம் இன்னும் செல்லும்

இங்கே நீங்கள் இரண்டு தவறான முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டுமே உங்களுக்கு நல்ல விதமாகத் தவறானவை. உங்கள் கையில் உள்ள காகிதம் சிகா எனப்படும் கேவிட்டி இன்சுலேஷன் கேரண்டி ஏஜென்சியுடையது. 1995-இல் தொடங்கிய அமைப்பு அது. அதன் 25 ஆண்டு உத்தரவாதம் ஆளுக்குத் தருவதல்ல, வீட்டுக்குத் தருவது; வீடு கை மாறினால் உத்தரவாதமும் கூடவே வரும். பஞ்சு போட்ட நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் பொறுப்பு சிகாவிடம் வருகிறது. அப்படிப்பட்ட நிலைமைக்காகத்தான் அந்த ஏற்பாடே. 2012-இல் போட்டது என்றால் 2037 வரை செல்லும்.

ஆனால் அது பொருளின் குறைக்கும் வேலையின் குறைக்கும் மட்டுமான உத்தரவாதம். வீட்டைப் பராமரிக்காததால் வந்த ஓதம், ஆவி படிந்து வந்த ஓதம் என்று அவர்கள் முடிவு செய்தால் கை விரித்துவிடுவார்கள். நிறையப் பேர் விண்ணப்பம் இந்த இரண்டு காரணத்தால்தான் திரும்பி வந்திருக்கிறது. தண்ணீர்க்குழாயையும் இடைச்சாந்தையும் முதலில் சரிசெய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம்: ரசீதும் படமும் கையில் இருந்தால் அந்த வாதம் எடுபடாது. புகாரில் மேற்குச் சுவரையும் வடக்கு மூலையையும் கலக்காதீர்கள். மேற்குச் சுவரைப் பிரதானமாக வையுங்கள். 2012-இல் நிரப்புவதற்கு முன் எடுத்த சுவர் ஆய்வுக் குறிப்பின் நகலை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் ஆய்வாளர் கேமரா விடாமல் முள்கருவியை மட்டும் குத்திவிட்டுப் போனால் அதையும் எழுதி எதிர்ப்புத் தெரிவியுங்கள். முடிவு பாதகமாக வந்தால் சமரசத் தீர்வுக்குப் போகும் வழி உண்டு. உங்கள் தனி ஆய்வாளரின் அறிக்கை அங்கே பேசும்.

வீட்டுக் காப்பீடு இதற்குப் பெரும்பாலும் உதவாது, மெல்ல மெல்ல வரும் சேதத்தை அவர்கள் ஏற்பதில்லை. ஆனால் பாலிசியில் சட்டச்செலவுக்கான பிரிவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மேசைமேல் இருக்கும் படிவம்

அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வழக்கறிஞன் அல்ல, ஆனால் இந்தப் படிவங்களின் பின்விளைவை நேரில் பார்த்தவன்.

ஜெயித்தால்தான் கட்டணம் என்பது உங்கள் வழக்கறிஞரின் கட்டணத்தைப் பற்றிய பேச்சு. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு உங்கள் தலையில் விழலாம். அதற்கு ஒரு காப்பீடு எடுத்திருக்கிறோம் என்பார்கள். அந்தக் காப்பீடு எந்த நிபந்தனையில் பணம் தரும் என்பதை யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். கேவிட்டி சுவர் வழக்குகளை ஆயிரக்கணக்கில் எடுத்து நடத்திய வடஇங்கிலாந்துச் சட்ட நிறுவனம் ஒன்று 2024 தொடக்கத்தில் திவாலானது. வழக்குகள் கைவிடப்பட்டன, காப்பீட்டார் பணம் தர மறுத்தனர், யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு எதிர்த்தரப்பின் பில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு வந்தது, சில வீட்டுக் கதவை ஜப்தி ஆட்களும் தட்டினார்கள். அவர்களில் பலர் நம்மைப் போல வேறு நாட்டிலிருந்து வந்து, கதவைத் தட்டியவரின் பேச்சை நம்பியவர்கள்.

உங்கள் வழக்கில் வேறு பலவீனங்களும் உண்டு. 2012 ஒப்பந்தம் உங்களோடு போட்டதல்ல. ஒப்பந்த மீறலுக்கு இங்கே ஆறு ஆண்டுதான் கெடு. கவனக்குறைவு என்று வழக்காடினால், குறை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற சலுகை உண்டு. ஆனால் வேலை முடிந்து 15 ஆண்டுக்கு மேல் எதுவும் நிற்காது. அதாவது 2027. நீங்கள் கறையை முதலில் பார்த்தது 2023 நவம்பர். வழக்கு வழியை முற்றிலும் மூட விரும்பவில்லை என்றால், வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் பதிவேட்டில் இருக்கும், நீங்களே தேடிப்போன ஒரு வழக்கறிஞரிடம் கெடுவைப் பற்றி மட்டும் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகம் அதற்கு வழிகாட்டும். சிகாவின் பதிலுக்குக் காத்திருக்கும்போது இந்தக் கடிகாரம் நிற்காது.

ஒருவேளை உங்கள் கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பதறாதீர்கள். வீட்டுக்கு வந்து எழுதிவாங்கும் ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் செய்யுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்பது பற்றிக் கேட்டீர்கள். இந்த நிலையில் விற்பது உங்களுக்கு நஷ்டம். வாங்குபவரின் கேள்விப் படிவத்தில் தெரிந்த குறையை மறைக்க முடியாது. மறைத்தால் பிறகு அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். ஓதம் உள்ள வீடு என்று விலை இறங்கும். அதே வீடு, பழுது பார்த்த ரசீதும் சிகாவின் பதிலும் ஆய்வாளர் அறிக்கையும் சேர்ந்த கோப்போடு போனால் கதை வேறு. இந்த மாதத்தில் செய்ய வேண்டியது பென்சில் கோடும் தண்ணீர்க்குழாயும் ஆய்வாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும்தான். அவருடைய அறிக்கை வந்ததும், பெயரை அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். சிகாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை அதை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.